நாலு புள்ளி ஆறு

"எதுலப்பா குறைஞ்சுது? மொதல்ல அதைச் சொல்லுங்க!"

முதியோர் இல்லத்து மாடி அறைக்குள் பெட்டியும் கையுமாக வந்து நின்ற மகன், ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"வாடா, உக்காரு. காதோரம் நரைச்சுப்போச்சே உனக்கு," என்றார் அப்பா. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

"நரை கிடக்கட்டும். எப்பவும் அஞ்சு வரும். இந்த மாசம் நாலு புள்ளி ஆறு. ஏன்?"

அந்த இல்லத்தில் மாதாமாதம் பத்துக் கேள்வி கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணை வட்டமிட்டுச் சுழிக்க வேண்டும். ஆபீஸ் பெண் எல்லாவற்றையும் கூட்டி, பத்தால் வகுத்து, சராசரியை மட்டும் பிள்ளைகளின் செல்போனுக்குத் தட்டிவிட்டு, தாளைக் கிழித்துப் போட்டுவிடுவாள்.

மூன்று வருஷமாக அப்பாவுக்கு ஐந்துக்கு ஐந்து. காப்பீட்டுக் கம்பெனியில் எண்களோடு குடித்தனம் நடத்துகிற மகன், தன் கல்யாணப் படத்தைக்கூட அந்த எண்ணைக் காட்டிய அத்தனை பேரிடம் காட்டியதில்லை. "ஒரு நடை வந்துட்டுப் போயேன்டா" என்று அப்பா போனில் சொன்னால், "அஞ்சுக்கு அஞ்சு! உங்களுக்கு என்னப்பா குறை?" என்று சிரிப்பான்.

இப்போது விமானம் பிடித்து ஓடி வந்திருக்கிறான்.

"மெத்தையா?"

"படுத்துப் பாரேன்."

படுத்துப் பார்த்தான். நன்றாகத்தான் இருந்தது. வெந்நீர்க் குழாயில் விரலை வைத்துச் சுட்டுக்கொண்டான். சமையல்கட்டுக்குப் போய் இரண்டு கிண்ணம் சூப் குடித்தான். மேனேஜரைப் பிடித்து உலுக்கியதில் அந்த மனுஷன் இன்னொரு மின்விசிறியே மாட்டிவிட்டார்.

"தோட்டத்து பெஞ்சாக்கூட இருக்கலாம்," என்றார் அப்பா யோசனையாக. அதில் இருட்டும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். பெஞ்சில் ஒரு குறையும் இல்லை. மகன் சுட்ட விரலை ஊதிக்கொண்டிருந்தான். அப்பா அந்தக் கையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அடுத்த மாசம் அஞ்சு வந்துடணும்ப்பா," என்று சொல்லிவிட்டு மகன் டாக்சி ஏறினான்.

"பாக்கலாம்டா."

டாக்சியின் சிவப்பு விளக்கு தெருமுனையில் மறைகிறவரை நின்றுவிட்டு மாடி ஏறினார். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஓய்வு பெற்ற ரயில் என்ஜின் டிரைவர் போர்வையை விலக்கினார்.

"உண்மையைச் சொல்லும் ஓய், எதுல கை வச்சீர்?"

"பத்தாவதுல."

டிரைவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

'பிள்ளைகளைப் பார்க்க ஏங்குகிறீர்களா?' என்ற அந்தக் கேள்விக்கு மூன்று வருஷமாக 'மிக மிக அதிகம்' என்று ஐந்தைச் சுழித்துவந்தவர், இந்த மாதம்தான் 'இல்லவே இல்லை' என்று ஒன்றைச் சுழித்திருந்தார்.