சனிக்கிழமை பீடி

“ஏலே வேல்சாமி, கம்பெனி பக்கம் சாட்சி சொல்லப் போறியாமே?”

ராஜபாளையம் சந்தையில் நாலு பேருக்கு நடுவில் வைத்தே கேட்டுவிட்டாள் கிருபாபாய்.

கெமிக்கல் கம்பெனியின் கேட் வாட்ச்மேன் வேல்சாமி காய்கறிப் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

“ஆமா மதினி. கூப்புட்டாக, போறேன்.”

“புதுச் சட்டை எடுத்துக் குடுத்தாகளாமே?”

“வேட்டியும்.”

“எங்க வீட்டுல எம்புட்டு கிறிஸ்மஸுக்கு வந்து தின்னிருப்பே! ஒரு வேட்டி சட்டை எடுத்துக் குடுக்கத் தெரியாமப் போச்சே. தப்பு எங்க மேலதான்.”

அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நகர்ந்தான்.

வீட்டுக்கு வந்தும் அவள் ஓயவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஐயாதுரை, இருமலுக்கு நடுவே ஒன்றுதான் சொன்னார்.

“விடுட்டி. அவனுக்கும் பிள்ளகுட்டி இருக்கு.”

அந்தக் கம்பெனியில் நீராவிக் குழாய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுவது ஐயாதுரையின் வேலை. இருபது வருஷத்துக்கு மேல் அதே வேலைதான். பழைய கயிற்றைப் பிய்க்கும்போது பாய்லர் ஷெட் முழுக்க வெள்ளையாகப் பறக்கும். மில்லுக்குப் போகிறவன் தலையில் பஞ்சு, நம் தலையில் இது என்று தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

மூச்சு வாங்கத் தொடங்கியதும் கம்பெனி டாக்டர், ‘பீடி இருமல்’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஐயாதுரை பீடி தொட்டதே இல்லை. அவருடைய சபையில் பீடி குடிக்கிறவனுக்கு இராப்போஜன அப்பமும் ரசமும் கிடையாது.

வக்கீல் சங்கரலிங்கம் கேஸை எடுத்தபோது நம்பிக்கையோடுதான் இருந்தார். தொண்ணூற்றாறாம் வருஷம் அது.

“ஆஸ்பெஸ்டாஸ் தூசியில வர்ற நெஞ்சு நோய், வேலையால வந்த நோய்னு சட்டத்துலயே இருக்கு அண்ணாச்சி. கம்பெனி நஷ்டஈடு குடுத்துத்தான் ஆகணும். பீடியால வந்ததுன்னு அவங்க காட்டிட்டாத்தான் சிக்கல்.”

“நான் பீடி குடிச்சதில்ல சார். வாங்கத்தான் செஞ்சேன்.”

“வாங்குனீங்களா?”

ஐயாதுரை சொன்னார். சனிக்கிழமைதோறும் மேனேஜர் வைகுண்டராஜ் ஆளுக்கு ஒரு கட்டு பீடி தன் கையாலேயே கொடுப்பார். தொழிலாளர் நலத் திட்டமாம். வேண்டாம் என்றால், “மரியாதைக்காவது வாங்குப்பா” என்பார். பக்கத்தில் போட்டோ எடுக்க ஓர் ஆள் நிற்பான்.

“கெமிக்கல் கம்பெனிக்குள்ள பீடியா?”

“உள்ள பத்த வச்சா சீட்டு கிழிஞ்சிரும் சார். தீப்பெட்டிய கேட்லயே பிடுங்கி வச்சிக்கிடுவாக. பீடி மட்டும் குடுப்பாக.”

“முகமூடி குடுத்தாங்களா?”

“அதுக்கு மேலிடத்துல உத்தரவு இல்லன்னுட்டாக.”

“இந்தப் பீடி எப்போ ஆரம்பிச்சது?”

“தூசியப் பாக்க மெட்ராஸ்ல இருந்து ஆபீசர் ஒருத்தர் வந்துட்டுப் போனாரு. அதுக்கு மறுவாரம்.”

சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“வாங்கின பீடிக்கட்டெல்லாம் என்ன பண்ணீங்க?”

“ஒருத்தனுக்குக் குடுத்துருவேன்.”

“யாரு? அவர் வந்து சொன்னாப் போதும்.”

“அவன் டூட்டியில ஒளிஞ்சு ஊதுதவன் சார். பேரச் சொன்னா அவன் வேலை போயிரும்.”

“சொல்லாட்டி உங்க கேஸ் போயிரும்.”

“போனாப் போகுது சார். ஒரு குடும்பம் கெட்டது போதும்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் நஷ்டஈட்டு அதிகாரி முன்னால் விசாரணை. கம்பெனி காரிலிருந்து, புது வேட்டி மடிப்புக் கலையாமல் வேல்சாமி இறங்கினான். கிருபாபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கம்பெனி வக்கீல் அதிகாரியின் மேஜையில் போட்டோக்களைப் பரப்பினார். எல்லாவற்றிலும் ஐயாதுரை, கையில் பீடிக்கட்டோடு கூச்சமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்து கம்பெனி டாக்டர், ஓர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“இது வாட்ச்மேன் வேல்சாமியோட நெஞ்சு. ஐயாதுரை சேர்ந்த அதே வருஷம் சேர்ந்தவர். கண்ணாடி மாதிரி இருக்கு. அதே கம்பெனி, அதே காத்து.”

“அவர் கேட்ல நிக்கிறவர். பாய்லர் பக்கமே போகாதவர்” என்றார் சங்கரலிங்கம்.

“காத்துக்கு ஏது சார் கேட்டு?” என்றார் டாக்டர். மேனேஜர் அதை மிகவும் ரசித்தார்.

வேல்சாமியைக் கூப்பிட்டார்கள்.

“ஐயாதுரை பீடிக்கட்டு வாங்கினதை நீ பாத்தியா?” கம்பெனி வக்கீல் கேட்டார்.

“பாத்தேங்கய்யா. ஒரு சனிக்கிழமை தவறாம வாங்குவாக.”

கிருபாபாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீல் திருப்தியாக உட்கார்ந்தார்.

“நீ போகலாம்ப்பா” என்றார் அதிகாரி.

வேல்சாமி நகரவில்லை. மேனேஜர் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

“இன்னும் கொஞ்சம் இருக்குங்கய்யா.”

“ஏலே, வேண்டாம்லே” என்று எழுந்தார் ஐயாதுரை. மேற்கொண்டு பேசவிடாமல் இருமல் வந்து அவரை உட்கார வைத்தது.

வேல்சாமி அதிகாரியைப் பார்த்துச் சொன்னான்:

“வாங்குன கட்ட அவிய பிரிக்கக்கூட மாட்டாக, எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருவாக. எனக்குக் குடுத்தது, அவியளுக்குக் குடுத்தது அம்புட்டையும் நான்தான் டூட்டியில இருந்து ஊதித் தள்ளுனேன். அப்படியும் எந்நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்குன்னு டாக்டரய்யாவே இப்ப சொல்லிட்டாக.”