ஏழாவது நிறம்

“இந்தப் பச்சை நல்லா எடுப்பா இருக்கு, லோஜினி. பக்கத்துல கத்தரிப்பூ நிறத்தையும் வைங்க, கண்ணைப் பறிக்கும்!” என்றாள் றுமைஸா.

“வச்சாச்சு அக்கா. இது ஏழாவது தடவ. இதையும் வேணாம்னு சொன்னா நான் என்ன செய்வேன்?” லோஜினி விசைப்பலகையைத் தள்ளிவைத்தாள்.

கேட்பவர்கள் இதைக் கல்யாணச் சேலைப் பேச்சு என்று நினைத்தால் அது அவர்கள் தப்பில்லை. ஆனால் இருவரும் பார்த்துக்கொண்டிருந்தது கணினித் திரையை. கண்டி நகரில், ஒரு சப்பாத்துக் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சிறிய மென்பொருள் நிறுவனம் அது.

அங்கே எழுதும் புரோகிராம்களில் ஒரே கோப்புக்குள் மூன்று கணினி மொழிகள் குடியிருக்கும். பி.எச்.பி.க்கு நடுவே பக்கத்தை அமைக்கும் எச்.டி.எம்.எல்., அதற்கும் நடுவே தரவுகளைக் கேட்டெடுக்கும் எஸ்.கியூ.எல். உள்ளே இருக்கும் இந்த இரண்டையும், புரோகிராம் எழுதப் பயன்படும் எடிட்டர் மென்பொருள் ஒரே சாம்பல் நிறத்தில்தான் காட்டும். போன மாதம் யாரோ ஒரு எஸ்.கியூ.எல். வரியை வெறும் வாசகம் என்று நினைத்து அழித்துவிட, ஒரு மருந்துக் கடையின் விற்பனை அரை நாள் நின்றுபோனது.

“உள்ளுக்குள்ள வாற மொழியள் பார்த்த உடன தனித்தனியாத் தெரியவேணும். செய்து காட்டும், பிள்ளை,” என்று வேலையை லோஜினியிடம் கொடுத்தவர் மேலாளர் தேவராசா. அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் முப்பது வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு இங்கே வந்த யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனிதர்தான், ஆனால் ஒன்றைப் பிடித்தால் உடும்புப்பிடி.

வெள்ளிக்கிழமையோடு லோஜினியின் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. தேவராசா கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் விடுதி அறையைக் காலி செய்துவிட்டு, பெட்டியோடு ஊருக்கு, ஹேவாஹெட்ட பஸ் ஏற வேண்டியதுதான். இன்றைக்குச் செவ்வாய்.

“புதுசா மாத்தி அனுப்பியிருக்கேன் சேர்,” என்று அறை வாசலில் நின்று சொன்னாள். அவர் தலையாட்டினார். பத்து நிமிடம் கழித்து, சுருட்டிய தாள்களால் கழுத்தை விசிறிக்கொண்டு வெளியே வந்தார்.

“என்ன பிள்ளை மாத்தினனீர்? ரெண்டும் ஒண்டுபோலத்தானே கிடக்கு. எனக்கொரு வித்தியாசமும் தெரியேல்லை. திரும்பச் செய்யும்.”

லோஜினி திகைத்துப்போனாள். கிளிப்பச்சையும் கத்தரிப்பூவும் ஒன்றுபோலவா? மனிதர் வேண்டுமென்றே வேலைக்கு உலை வைக்கிறாரோ என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

றுமைஸாதான் காதோரம் குனிந்தாள். “அவர் பொய் சொல்லல்ல. நேத்து மழைக்குள்ள, பஸ்ஸுக்கு ஓடுற அவசரத்துல என்ட சிவப்புக் குடைய எடுத்துட்டுப் போய்ட்டாரு. அவர்ட குடை பச்சை! இப்ப விளங்குதா?”

“ஐயோ! சேருக்கு நிறம் தெரியாதா அக்கா?”

“மெல்லப் பேசுங்க! கேட்டுக் கீட்டு வச்சிராதீங்க. இத்தன வருஷமா மறைச்சு வச்சிருக்காரு, மனசு நொந்துரும்.”

லோஜினியின் ஆத்திரம் அந்த நிமிடமே கரைந்தது. பாவம், யாரிடமும் சொல்ல முடியாமல் எவ்வளவு தவித்திருப்பார்!

அன்று மாலையே இருவரும் அவரைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார்கள். சந்தியில், “பச்சை விழுந்திருச்சு சேர், இப்ப கடக்கலாம்,” என்று றுமைஸா சத்தமாகச் சொன்னாள். லோஜினி அவர் பையை வாங்கிக்கொண்டாள். புதன்கிழமை தேநீர் வேளையில், “இதுதான் சேர் பழுத்தது, மத்தது காய்,” என்று வாழைப்பழத்தை எடுத்துக் கையில் கொடுத்தாள். தேவராசா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஓம், ஓம்,” என்று வாங்கிச் சாப்பிட்டார்.

வியாழன் முழுக்க லோஜினி மேசையை விட்டு எழவில்லை. எந்த மொழி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எடிட்டருக்குச் சொல்லும் விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, நிறங்களை மட்டும் தூக்கி எறிந்தாள். எஸ்.கியூ.எல். வந்தால் தடித்த எழுத்து, எச்.டி.எம்.எல். வந்தால் சரிந்த எழுத்து. நாற்பது கோப்புகளைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகுதான் அனுப்பினாள்.

வெள்ளி காலை தேவராசாவின் அறைக் கதவு படாரென்று திறந்தது.

“அச்சாப் பிள்ளை! இப்பதான் ஒழுங்கு. பார்த்த உடன எது எது எண்டு விளங்குது!” மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதத்தையும் அங்கேயே நீட்டினார்.

லோஜினிக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. சொல்லவே கூடாது என்று பூட்டி வைத்திருந்தது வாய் தவறி வெளியே வந்துவிட்டது. “நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க சேர். இனிமே எல்லாத்தயும் நிறமில்லாமலே செஞ்சு தர்றேன். வெளியில யாருக்கும் மூச்சு விடமாட்டோம்.”

றுமைஸா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“நிறமோ?” தேவராசா புருவத்தை உயர்த்தினார். “அப்ப, முந்தி ஏழு தரமும் நிறத்தையே மாத்தினனீர்?”

லோஜினி குனிந்தபடி ஆமாம் என்று தலையாட்டினாள்.

தேவராசா வயிறு குலுங்கச் சிரித்தார். “பிள்ளை, நான் பிரிண்ட் எடுத்தெல்லோ வாசிக்கிறனான். எங்கட பிரிண்டர் கறுப்பு மட்டுந்தானே அடிக்கும்!”