பதில் எழுதுகிற வாத்தியார்

அன்ரனிட்டா மூன்று பாடங்களைத் திரையில் திறந்து வைத்துவிட்டு, கலியாணத் தரகர் மாதிரி ஒவ்வொன்றாகப் புகழ்ந்தாள்.

ஒன்று, இந்தியாவில் ஒரு பெரிய வாத்தியார் நடத்துவது. பத்து இலட்சம் பேர் பார்த்திருக்கிறார்களாம். இன்னொன்றை முடித்தால் சான்றிதழ் தருவார்கள். மூன்றாவது ஒரு புத்தகம். சின்னப் பிள்ளைக்கும் விளங்குமாம்.

எனக்கு ஒன்றும் வேண்டாம், தொடங்கிய வீடியோப் பாடத்தையே படிக்கிறேன் என்றேன்.

அவள் தலையில் கைவைத்தாள். ஊர்காவற்றுறையிலிருந்து வந்து எங்கள் நெடுந்தீவு வாசிகசாலையில் கம்பியூட்டர் பழக்குகிற பிள்ளை. வந்து மூன்று மாதம்கூட இல்லை. பொறுமைசாலிதான். ஆனாலும் ஐம்பத்தாறு வயதில் புரோகிராமிங் படிக்க வந்து நிற்கிற மனுசியிடம் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்?

"அன்ரி, இந்த மனுசனை நூறு பேர்கூடப் பாக்கேல்லை. சத்தமும் கிணத்துக்குள்ள இருந்து வாற மாதிரி. ஒன்பது பாடத்தோட விட்டிட்டார். ஏன் இதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

"கேள்வி கேட்டால் இவர்தான் பிள்ளை பதில் எழுதுவார்."

அது பொய்யில்லை. பாடத்தின் கீழே யார் எதைக் கேட்டாலும் ஒரு கிழமைக்குள் பதில் எழுதியிருக்கிறார். பத்து இலட்சம் பேர் பார்க்கிற வாத்தியாருக்கு என் கேள்வி எங்கே கண்ணில் படப்போகிறது? வீட்டில் எனக்குப் பேச்சுத்துணைக்கு ஒரு சீவனும் இல்லை. ஒரு வரி வந்தாலும் போதும்.

சத்தம் எனக்கு நன்றாகவே கேட்கிறது.

ஆனால் சும்மா கேட்க முடியாது, பாருங்கோ. விளங்கவில்லை என்று சொல்வதற்கும் கொஞ்சமாவது விளங்க வேண்டியிருக்கிறது. "நன்றி சேர்" என்று மட்டும் எழுதினால் பெருவிரல் படமொன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். இருந்து இருந்து மூன்றாம் பாடத்தில்தான் எனக்கொரு கேள்வி அகப்பட்டது.

அதில் நெடுந்தீவுப் படகு வருகிறது. மணி நாலைத் தாண்டினால் "படகு போய்விட்டது" என்று கம்பியூட்டர் சொல்லவேண்டும். நான் எழுதினேன்: "சேர், படகு நேரம் மாறி இப்ப நாலரை. அதை எங்க மாத்திறது?"

என் பெயரில் எழுதவில்லை. குலசிங்கம் என்று போட்டேன். ஆம்பிளைப் பெயருக்குத்தான் மதிப்பு என்று அன்ரனிட்டாவிடம் ஒரு சாட்டுச் சொன்னேன்.

இன்றைக்கு எட்டாம் நாள்.

அன்ரனிட்டா பெருமூச்சு விட்டபடி என் பாடத்தைத் திறந்து கீழே இறக்கினாள்.

பதில் வந்திருந்தது.

"நல்ல கேள்வி அண்ணை. மேல 'நேரம்' எண்டு போட்ட இடத்தில ஒருக்கால் மாத்தினால் காணும், மற்றதெல்லாம் தன்பாட்டில மாறும். நீங்கள் நெடுந்தீவோ? நான் வெளிக்கிட்டு ஆறு வருசம். நேரம் மாத்தினது தெரியாது."

நான் அதை நாலைந்து தரம் வாசித்தேன்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு நாள், தான் கட்டிய பெட்டையோடு படலையில் வந்து நின்றான். செத்தாலும் இந்த வாசலுக்கு வராதே என்று சொன்ன வாய் இதுதான். பிறகு நான் எத்தனை தரம் எடுத்தும் என் நம்பர் அவனுக்குப் போவதில்லை.

பெற்ற தாயை அண்ணை என்கிறான், என் கோபிசங்கர். என்றாலும் பேசிவிட்டான்.

இன்னும் ஆறு பாடம்தான் இருக்கிறது. மெதுவாகத்தான் படிக்க வேண்டும்.

அன்ரனிட்டா விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு, நெடுந்தீவோ என்று கேட்டிருக்கிறார், என்ன எழுத என்றாள்.

ஓம் என்றால் அடுத்து எந்த வட்டாரம், ஆருடைய ஆட்கள் என்று கேட்பான். எங்கள் ஊர்க்காரர் எங்கே போய் இருந்தாலும் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். நான் ஆரென்று தெரிந்தால் இந்த ஒரு வரியும் வராது.

"இல்லையெண்டு போடும் பிள்ளை. புங்குடுதீவு எண்டு எழுதும்."