பாதிப் பாலம்

சரக்கு ரயில் பாதையை அரசிடமிருந்து வாங்கிய கம்பெனி முதலில் ரோந்து ஆட்களைக் குறைத்தது. இருவர் போகவேண்டிய ஆற்றுப் பாலத்தை அடைமழையில் தனியாகச் சோதிக்கப் போன செம்புலிங்கத்தை வெள்ளம் கொண்டுபோனது. தவறு அவருடையதே என்று, அவரை அனுப்பிய மேலாளர் ரகுநந்தன் அறிக்கை எழுதினார்.

அடுத்த ஐப்பசியில், ஆற்றில் மறுபடி வெள்ளம் வந்த நாளில், அதே பாலத்தின் முன் நிலக்கரி ரயில் நின்றது. யாராவது நடந்து பார்க்காமல் நகர்த்தமாட்டேன் என்றார் டிரைவர். தலைமையகம் ரகுநந்தனைப் போனில் விரட்டியது. அங்கே இருந்த ஒரே ரோந்து ஊழியர், இறந்த செம்புலிங்கத்தின் வேலையில் சேர்ந்திருந்த அவர் மனைவி பொன்னுத்தாய்.

"சீக்கிரம் போம்மா" என்றார் ரகுநந்தன்.

அவள் தண்டவாளத்தைத் தட்டிப் பார்க்கும் சுத்தியலை அவர் கையில் திணித்தாள். "என் வீட்டுக்காரர அனுப்புனீங்கல்ல? இன்னிக்கு நீங்க போங்க சார்."

தலைமையகத்திலிருந்து போன் மறுபடி அடித்தது; அவர் நடந்தார். பாதிப் பாலத்தில் மண்டியிட்டுத் தண்டவாளத்தைக் கட்டிக்கொண்டார். "அம்மா, வந்து கை குடும்மா!"

"எந்திரிங்க சார்" என்றாள் பொன்னுத்தாய், கரையில் நின்றபடியே. "இன்னும் பாதி இருக்கு."