அடியில் வந்தது

ஆழம் காட்டும் கருவியின் சென்சரைத் தன் பாய்மரப் படகின் அடியில் தானே பூட்டிக்கொண்டு, தனியாகக் கடலுக்கு வந்திருந்தான் பிறெடி.

கருவியின் திரை இரண்டடி ஆழம் என்றது. நடுக்கடலில் இரண்டடியா? படகைத் திருப்பினான். அப்போதும் இரண்டடி. எந்தப் பக்கம் போனாலும் அதே இரண்டடி. அப்படியென்றால் ஏதோ ஒன்று கீழே கூடவே வருகிறது!

"அந்தோனியாரே, காப்பாத்தும்!" என்று கத்தியபடி கரைக்கு விட்டான். அங்கே மனைவி ஷாமிலா நின்றாள்.

"கிட்ட வராத! படகுக்குக் கீழ ஏதோ ஒண்டு துரத்திக்கொண்டு வருது!"

அவள் பதறவில்லை. தண்ணீரில் இறங்கி, படகின் அடியிலிருந்து இரண்டடி நீள நைலோன் கயிறொன்றை இழுத்தாள்.

"கத்தாதீங்க. தனியப் போறீங்க எண்ட பயத்தில நான்தான் கட்டிவிட்டனான்."

கயிற்றின் நுனியில், கொச்சிக்கடைத் தேவாலயத்தில் வாங்கிய பித்தளை அந்தோனியார் சுரூபம் தொங்கியது.