வெள்ளை முக்காலி

தேனியில் குளியலறைச் சாமான்கள் விற்கும் கடைக்குள் மதிய வெயில் விழுந்து, வெள்ளை அலமாரிகளும் முக்காலிகளும் கண்ணைக் கூசவைக்கின்றன. தரையும் பளபளப்பதால் மரியராஜ் கோயிலுக்குள் நுழைவதுபோல் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருக்கிறார். செலின் அதைக் கவனிக்கவில்லை. சர்க்கரை நோயில் கணவரின் பாதங்கள் மரத்துப்போய், போன வருடம் ஒரு விரலையும் எடுத்தாயிற்று. குளிக்கும்போது அவர் கால் வைக்கும் பழுப்புப் பலகையில் கசிந்த ரத்தம் பல நாள் யார் கண்ணிலும் படவில்லை. “வெள்ளை வேணாம் செலினு. வயக்காட்டு மண்ணு ஒட்டுனா அசிங்கமாத் தெரியும். அந்தக் காப்பிக்கலர எடு” என்கிறார். “தெரியட்டும்னுதான் கேக்குறேன். ஒங்களுக்கு வலிச்சாத்தான சொல்லுவீக?” என்கிறாள் செலின். கடைப்பெண் நாகஜோதி சிரித்தபடி, “மொதல்ல ஒக்காந்து பாருங்கய்யா. சண்டைய வீட்ல போய்ப் போடுங்க” என்று ஒரு வெள்ளை முக்காலியை இழுத்துப் போட்டு, கால் வைக்க இன்னொன்றையும் நகர்த்துகிறாள். அவர் காலைத் தூக்கி வைக்கிறார். குதிகாலுக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு மெல்ல ஊர்ந்து வருகிறது. செலினின் கை கழுத்துச் செபமாலையைப் பற்றிக்கொள்கிறது. விற்கும் பொருளில் கறை பட்டுவிட்டதே என்று நாகஜோதி முகம் சுளிக்கவில்லை. தரையில் அமர்ந்து, அவர் பாதத்தை மடியில் ஏந்தி, குத்தியிருந்த ஓட்டுச் சில்லைப் பிடுங்குகிறாள். அவர் இன்னமும் காப்பிக்கலரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “அய்யா, இங்கன பாருங்க.” குனிந்தவரின் முகம் வெளுக்கிறது. “இது எப்பத்தா குத்துச்சு?” யாருக்கும் தெரியவில்லை. “வெள்ளையவே எடு, செலினு” என்கிறார் மெதுவாக. நாகஜோதியின் உள்ளங்கை அவர் குதிகாலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அதையும் அவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறார்.