முதுகைக் காட்டிய காவல்காரர்

'வந்து சேர்ந்துட்டேன்மா' என்று மகள் அனுப்பிய செய்திக்குக் கைபேசிக்குள் இருப்புக் கொள்ளவில்லை. வெளியே செங்கமலம் அதைத்தான் விரலால் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தாள். திரையில் பாதி வெள்ளையாகக் கிடந்தது.

"அண்ணே, என்னை விடுங்கண்ணே!" என்று கெஞ்சியது செய்தி.

செய்திகளை ஒவ்வொன்றாகத் திரைக்கு அனுப்பும் காவல்காரர், திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர், அசையவில்லை. "என் கணக்குப்படி திரை நிரம்பியாச்சு. சும்மா நில்லு."

அவர் கணக்கு இதுதான். முதலில் வந்த 'காலை வணக்கம்' ரோஜாப் படத்தை அளந்தார். பின்னால் வந்த 'ம்', 'சரி', 'சாப்டியா' எல்லாருக்கும் அதே உயரத்தைப் போட்டுக்கொண்டார்.

"கணக்கு கிடக்கட்டும், ஒரு தடவை திரும்பிப் பாருங்கண்ணே! அம்மா தவிக்கிறாங்க!"

முணுமுணுத்துக்கொண்டே திரும்பியவர் திடுக்கிட்டார். "அட, பாதி காலியா இருக்கே! ஓடு, ஓடு!"

செய்தி பாய்ந்து போய்த் திரையில் நின்றது. செங்கமலத்தின் விரலும் நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

காவல்காரர் எட்டி அந்தச் செய்தியை அளந்துகொண்டார். "தப்பு எங்கேன்னு புரிஞ்சுபோச்சு. இனிமே எல்லாருக்கும் உன் உயரம்தான்" என்று சொல்லிவிட்டு, மறுபடி திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

வரிசையில் அடுத்ததாக ஒரு நீளமான கல்யாணப் பத்திரிகை நின்றுகொண்டிருந்தது.